சந்து மாரியம்மனுக்கு ஆறு கடிதங்கள்

1957ஆம் ஆண்டில் மலாக்காவின் காஜா பேராங் சந்து மாரியம்மனுக்கு அரசாங்கத்திடமிருந்து ஆறு கடிதங்கள் வந்தன. ஆறும் பதிவுத் தபால். ஒன்றுக்குக்கூட அம்மன் பதில் போடவில்லை. முதல் ஐந்துக்கும் காரணம் சுப்பையன் என்ற நல்ல மனிதன். ஆறாவதுக்குக் காரணம் வேறொருவர். அவரும் கெட்டவர் இல்லை.

சுப்பையன் மூன்றாம் வட்டாரத் தண்ணீர்க் காரியாலயத்தில் ஆறு வருஷமாக நாள்கூலி. விடியும் முன்பே ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு புறப்படுவான். தெருத்தெருவாகப் போய், தரைக்கடியில் புதைந்திருக்கும் வால்வுகளைத் திறப்பான், மூடுவான். எந்த வால்வைத் திருகினால் எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்பது மலாக்காவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். குழாய்களின் வரைபடத்தை ஜப்பான்காரன் காலத்தில் யாரோ அடுப்பெரிக்க எடுத்துப் போய்விட்டார்கள். காரியாலயத்தில் வரைபடத்துக்கென்று ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அலமாரிக்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, இருந்தார். வரைபடம் மட்டும் இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டு 31ஆம் தேதி மெர்டேக்கா என்று முடிவாகிவிட்டது. சுதந்திர நாட்டில் நாள்கூலிகள் இருக்கக் கூடாது என்று காரியாலயம் நினைத்தது. ஆகவே வால்வுக்காரர் வேலை ஒன்றை நிரந்தரமாக்கி அறிவிப்புப் போட்டார்கள். ஆகஸ்டு 30க்குள் நிரந்தரம் ஆகாதவர்கள் 31ஆம் தேதி வீட்டுக்குப் போகலாம். நிரந்தரம் ஆனவருக்கு ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை. அறைக்கு முன்னால் சொந்தமாக ஒரு குழாய்.

அந்தக் குழாய்தான் சுப்பையன் மனைவி மல்லிகாவின் கனவு. அவள் முழுகாமல் இருந்தாள். குடியிருந்ததோ ஒரு தகரக் கொட்டகையின் பாதி. மறுபாதியில் கொட்டாங்கச்சி மூட்டைகள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்து விடுறீங்க. நான் மட்டும் வாளிய தூக்கிக்கிட்டு தெருக்கோடிக்கு நடக்கிறேன்" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள். அதனால்தான் அவனுக்கு அதிகமாக உறைக்கும்.

விண்ணப்பப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. சுப்பையன் அதை எடுத்துக்கொண்டு, கடைத்தெரு அஞ்சடி நடைபாதையில் தட்டச்சு யந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதும் கலியாணசுந்தரத்திடம் போனான். பதின்மூன்று கட்டங்கள் பிரச்சினை இல்லாமல் நிரம்பின. பதினான்காவது கட்டத்தில் கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுக்க. 'விண்ணப்பதாரரின் உறவினர் அல்லாதவரும், விண்ணப்பதாரரைப் பிறந்த நாள் முதல் அறிந்தவரும், நிலையான முகவரி உடையவருமான ஒரு நற்சான்றாளரின் பெயர்.' யாரப்பா இருக்கா ஒனக்கு?"

சுப்பையன் யோசித்தான். அவன் அப்பா, தம்பின் ஊரிலிருந்து மலாக்காவுக்கு வந்த ரயில்பாதையில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனபோது, அதைப் பதித்துத் தர ஆட்களையும் சேர்த்தே கொண்டுபோனான். அப்பா போனார், அப்பாவின் கூட்டாளிகள் போனார்கள், அக்கம்பக்கத்து லயன் வீடுகளில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் போனார்கள். தண்டவாளமும் திரும்பவில்லை, ஆட்களும் திரும்பவில்லை. அம்மா அடுத்த வருஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டு வயதுப் பையன் சந்து மாரியம்மன் கோயில் தகரக் கூரையின் கீழ் படுத்துத் தூங்கினான். அங்கே படைத்ததைத் தின்று வளர்ந்தான்.

"அண்ணே, பொறந்த முப்பதாம் நாளு என்னை அம்மன் காலடியிலதான் போட்டாங்களாம். வேற யாரும் உசுரோட இல்ல. சந்து மாரியம்மன்னு எழுதுங்க."

"யோவ், சாமி பேரையா எழுதச் சொல்றே?"

"ஒறவு இல்ல. பொறந்ததிலிருந்து தெரியும். முகவரியும் நெலையானது. அவங்க கேட்டது இதுதானே?"

கலியாணசுந்தரம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிதராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கேட்டதை எழுதுவது அவர் தொழில். தட்டினார்.

படிவம் போய்ச் சேர்ந்த காரியாலயத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் நல்லையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, முப்பத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். நீறு பூசாமல் வீட்டைவிட்டு வரமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்து மாரியம்மனைக் கும்பிடாமல் சாப்பிடமாட்டார். பதினான்காவது கட்டத்தை அவர் படித்தார். கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்து, நற்சான்றாளருக்குக் கடிதம் எழுத உத்தரவிட்டார்.

முதல் கடிதம் ஏப்ரல் மாதம் வந்தது. தபால்காரர் ஷம்சுதீன் சைக்கிளைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"பண்டாரண்ணே, அம்மனுக்கு ரிஜிஸ்தர் தபால்."

கோயிலைப் பார்த்துக்கொண்ட அப்பாசாமிப் பண்டாரம் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்த அம்மாவுக்கு?"

"ஒங்க அம்மனுக்குத்தான். கையெழுத்து வேணும்."

இருவரும் உள்ளே பார்த்தார்கள். அம்மன் சிரித்த முகமாக இருந்தாள்.

"நான் போடலாமா?" என்றார் பண்டாரம்.

"பெறுநர் வீட்டுல இல்லேன்னாத்தான் அடுத்தவங்க போடலாம். பெறுநர் இருக்காங்களே."

"இருக்காங்க, இருக்காங்க. எங்கேயும் போகமாட்டாங்க. ஆனா பாரு ஷம்சுதீன், கை நாலு இருக்கு. ஒண்ணுகூட காலியா இல்லியே."

ஷம்சுதீன் நேர்மையான தபால்காரர். பொய் எழுதத் தெரியாது. சீட்டில், 'பெறுநர் முகவரியில் இருக்கிறார். கைகள் ஓய்வாக இல்லாததால் கையொப்பம் பெற இயலவில்லை' என்று எழுதிவிட்டு, கடிதத்தை மரியாதையாக இரண்டு கைகளாலும் பண்டாரத்திடம் நீட்டினார். பண்டாரம் அதை அம்மன் காலடியில் வைத்தார். பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது பாவம்.

அன்று மாலையே சேதி சுப்பையனுக்கு எட்டிவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு மல்லிகா சிரித்த சிரிப்பில் கொட்டாங்கச்சி மூட்டையே ஆடியது.

"அவனவன் சிபாரிசுக்கு கவுன்சிலரைப் பிடிக்கிறான், தொரை வீட்டுக் குசினிக்காரனைப் பிடிக்கிறான். நீங்க நேரா மேலிடத்துக்கே போயிட்டீங்களே!" சிரித்து முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய் ஒத்துக்குங்க. தெரியாம எழுதிட்டேன், வேற பேரு எழுதிக்கிறேன்னு சொல்லுங்க. தப்பச் சொன்னா யாரு அடிக்கப் போறா?"

சுப்பையனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நல்லையா மேசைக்கு முன்னால் நின்றான்.

"ஐயா, அந்தப் பதினாலாவது கட்டத்துல தப்பு நடந்துபோச்சு. மனுசங்க பேரத்தான் எழுதணும்னு தெரியல. மன்னிச்சு, மாத்திக்க விடணும்."

நல்லையா பேனாவை மூடி வைத்தார். "நீர் பிழை விட்டதாகவோ சொல்லுறீர்?"

"ஆமாங்கய்யா."

"கவனமாச் சொல்லும். பிழை எண்டு சொன்னால் பொய்யான தகவல் குடுத்திருக்கிறீர். அதுக்குத் தண்டனை இருக்கு. பிழை இல்லை எண்டு சொன்னால் நற்சான்றாளர் பதில் தரவேணும். நடுவிலை ஒண்டும் இல்லை."

"தெரியாமப் பண்ணின தப்புங்கய்யா. அதுக்கு ஏதாச்சும் படிவம் இருந்தா..."

"முப்பத்திரண்டு வருஷமா இந்தக் கந்தோரிலை இருக்கிறன் காணும்" என்றார் நல்லையா, பெருமையோடு. "இஞ்சை இதுவரைக்கும் ஒருத்தரும் பிழை விட்டதா ஒத்துக்கொண்டதில்லை. பிறகு எப்பிடி அதுக்குப் படிவம் இருக்கும்?"

சுப்பையன் கொஞ்சம் தயங்கினான். "அய்யாவுக்கே தெரியும், அவங்க சாமின்னு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயில்ல பார்க்கிறேனே."

"தெரியாமல் என்ன? அவ தெய்வம்தான். மனமுருகிக் கும்பிடுறவன் நான். ஆனால் காலமை எட்டு மணியிலை இருந்து பின்னேரம் நாலரை வரைக்கும் அவ ஒரு நற்சான்றாளர். ரெண்டையும் நான் போட்டுக் குழப்புறதில்லை. நீரும் குழப்பாதையும். போம்."

மே மாதம் நினைவூட்டல் வந்தது. ஜூனில் மூன்றாவது கடிதம்: நற்சான்றாளர் தம் அடையாளக் கார்டு எண்ணையும், கூட்டரசுக் குடியுரிமை பெற்றவரா என்பதையும் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் அதிகாரி நேரில் வருவார். அம்மன் தெரிவிக்கவில்லை. அதிகாரி நேரில் வந்தார்.

அவர் பெயர் சேதுராமன். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். காக்கிக் கால்சட்டை, கையில் அட்டை வைத்த படிவம். அப்பாசாமிப் பண்டாரத்தை ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். சுப்பையன் விண்ணப்பதாரர் என்பதால் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி. பத்தடி தள்ளி நின்றான்.

"வயசு?"

"அது யாருக்குங்க தெரியும்?"

"'வயது வந்தவர்'னு போட்டுக்கறேன். அடையாளக் கார்டு?"

"இல்லீங்க."

"அவசரகாலச் சட்டத்துல பன்னெண்டு வயசு தாண்டினவங்க கார்டு இல்லாம வெளிய வரக்கூடாது, தெரியுமில்லே?"

"அம்மன் வெளிய வர்றதில்லீங்க. வருசத்துல ஒரு நாள், ராத்திரி, தேர்ல மட்டும்."

சேதுராமன் தலை தூக்கினார். "ராத்திரியிலயா? தனியாவா?"

"இல்லீங்க. கூட ஒரு முன்னூறு பேரு வருவாங்க."

"முன்னூறு பேரா?" சேதுராமன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். "சரி, அங்க அடையாளங்கள்." எட்டிச் சன்னிதிக்குள் பார்த்தார். "கைகள் நாலு. ஒரு கையில... சூலம். இன்னொண்ணுல கத்தி."

பண்டாரத்தின் முகம் வெளுத்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அந்த நாட்களில் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த பேச்சு எடுத்தால் எங்கே போய் முடியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, அதை நான் எழுதல. 'கைகளில் வீட்டுப் புழக்கச் சாமான்கள்'னு எழுதிக்கறேன்." எழுதியும்விட்டார். பிறகு, கும்பிடலாமா கூடாதா என்று விதி ஏதும் நினைவுக்கு வராததால், கும்பிட்டுவிட்டே போனார்.

ஆனால் நல்ல மனமிருந்தும் அந்த இளைஞர் ஒரு காரியம் செய்துவிட்டார். 'நற்சான்றாளரின் ஒழுக்கம்' என்ற கட்டத்தில், பண்டாரம் சொன்னதைக் கேட்டு, புகழ்ச்சியாக இருக்கட்டும் என்று, 'செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஒன்பது குடம் தண்ணீரில் குளிக்கும் சுத்தமானவர்' என்று எழுதினார்.

அதுவரை அம்மன் ஒரு நற்சான்றாளர். அந்த வரியிலிருந்து அவள் ஒரு குற்றவாளி. சந்தில் வீட்டுக் குழாய்கள் சிலவே. கோயிலுக்கு இணைப்புக் கிடையாது. ஒன்பது குடமும் தெருக்குழாய்த் தண்ணீர். தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று விதி. நல்லையா எல்லாக் கிராணிகளையும் கூப்பிட்டு ஒரு சிறு பிரசங்கம் செய்தார்.

"இன்னும் ரெண்டு மாதத்திலை வெள்ளைக்காரன் போறான். போகேக்கை அவன் என்ன விட்டிட்டுப் போறான்? தண்ணியையோ? இல்லை. தண்ணி மழையாலை வாறது. அவன் விட்டிட்டுப் போறது விதிப்புத்தகம். ஒரு தெய்வத்துக்காக அதை மீறினால், நாளைக்கு மனுசருக்காகவும் மீறச் சொல்லுவினம். பிறகு இந்தக் கந்தோர் எதுக்கு?"

கிராணிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்; கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஜூலையில் நான்காவது கடிதம்: நீர் முறைகேட்டுக்கு விளக்கம் கேட்டு. ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் ஐந்தாவது: விளக்கம் வராததால், சந்தின் குழாய் வழி உடனே அடைக்கப்படும். ஊருக்குக் கப்பலேறும் அவசரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த எஞ்சினியர் தொரை அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஷம்சுதீன் ஐந்தாவது கடிதத்தையும் செருப்பைக் கழற்றிவிட்டே கொண்டுவந்தார். அம்மன் காலடியில் இடம் போதாமல், பண்டாரம் பழைய கடிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

வால்வை அடைக்கும் உத்தரவு வால்வுக்காரனுக்குப் போனது. அதாவது சுப்பையனுக்கு.

அவன் உத்தரவுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நல்லையா மேசைக்கு வந்து நின்றான். "ஐயா, ஒரு சேதி. அந்த வால்வு சந்துக்கு மட்டும் போற வால்வு இல்லீங்க. அதை மூடினா..."

"உத்தரவு கிடைச்சதோ?"

"கெடச்சதுங்க. ஆனா அந்தக் குழாயி சந்தத் தாண்டி..."

"உத்தரவு கிடைச்ச ஆள் கேள்வி கேட்கக்கூடாது. நிரந்தர வேலைக்கு விண்ணப்பிச்ச ஆள் கேட்கவே கூடாது. நாளைக்கு விடிய மூடும்."

அன்றிரவு சுப்பையனுக்குச் சோறு இறங்கவில்லை. மூடினால் சந்துச் சனம் முழுக்கத் தவிக்கும். அம்மனுக்கு அபிஷேகம் நிற்கும். மூடாவிட்டால் அறையும் குழாயும் போகும், நாள்கூலியும் போகும், செப்டம்பரில் பிள்ளை பிறக்கும்.

"நான் எழுதின ஒரு வரிதான் இப்படி வளர்ந்து வந்து நிக்குது, மல்லிகா."

மல்லிகா அவன் தட்டில் ரசம் ஊற்றினாள். "நீங்க மூடலேன்னா இன்னொருத்தன் தேடிப் பிடிச்சாவது மூடுவான். அவன் மூடிட்டுப் போயிடுவான். நீங்கன்னா?"

சுப்பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிட்டான்.

ஆகஸ்டு 15, வியாழக்கிழமை, விடியற்காலையில் அவன் வால்வை மூடினான். சாவியைக் கோயில் சுவரில் சாத்தினான். ஒரு மூங்கில் கழியின் இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின்களைக் கட்டிக்கொண்டு, அரை மைல் தள்ளி, கம்போங் செட்டியில் சாரதாம்பாள் வீட்டுக் கிணற்றுக்குப் போனான். கிணறு தண்ணீர்க் காரியாலயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. சாரதாம்பாள் மலாக்காச் செட்டி வம்சம்; தமிழ் அவளுக்குச் சாமி பேர்களோடு சரி. சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக வாசலுக்கு வந்து, அவன் சொன்னதை மலாயில் கேட்டுக்கொண்டாள்.

"அம்பில் லா, சுப்பையா" என்றாள். "ஆயேர் துஹான் பூஞா." எடுத்துக்கொள்ளப்பா, தண்ணீர் கடவுளுடையது. சொன்னதோடு நிற்காமல் கயிற்றையும் புதிதாக மாற்றிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு டின் அம்மனுக்கு. பிறகு வீடு வீடாக. விடியற்கால வால்வுச் சுற்று முடிந்ததும் நாலு நடை; சாயங்காலம் வேலை முடிந்து வந்து எட்டு நடை. மூன்றாம் நாள் ஷம்சுதீன் தபால் பையைக் கோயிலில் வைத்துவிட்டு, சைக்கிளின் இரு பக்கமும் டின் கட்டினார். "ரிஜிஸ்தர் தண்ணி! கையெழுத்து வேணாம்!" என்று கூவிக்கொண்டு போனார்.

மூடிய வால்வு யார் யார் வீட்டுக் குழாய்களை அடைத்தது என்பதைச் சுப்பையன் அறிவான். சந்தைத் தாண்டி, தெரு முனையில் மாமரம் நின்ற பெரிய வீடு ஒன்றும் அதில் சேர்த்தி. பெரிய கிராணி நல்லையாவின் வீடு.

குழாயில் காற்று மட்டும் வந்தபோது நல்லையா பதறவில்லை. முறைப்படி ஒரு புகார் மனு எழுதினார். நல்லையா என்ற குடியிருப்பாளர் எழுதிய மனு, நல்லையா என்ற பெரிய கிராணியின் மேசைக்கு மறுநாள் வந்தது. அவர் அதில் எண் போட்டார், பதில் எழுதினார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் பதில் வந்தது: 'உமது மனு கிடைத்தது. இருபத்தோரு நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும். அதற்குள் நினைவூட்டல் அனுப்பி இக்காரியாலயத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம்.'

அதை வாசித்தபோது நல்லையாவுக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் காரியாலயத்தின்மேல் கோபம் வந்தது. "என்ன திமிர் பிடிச்ச எழுத்து!" என்றார்.

"ஆர் எழுதினது?" என்று கேட்டாள் மனைவி சிவகாமசுந்தரி.

நல்லையா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இருந்தது, தேத்தண்ணி வந்தது, நீறு குழைக்கவும் நீர் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. அது அவர் பிரிவு அல்ல.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்லையா வீட்டில் இருந்தார். காலையில் பின்வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சுப்பையன் தொட்டியில் டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். தோளில் கழி உரசிய இடம் புண்ணாகி, துணி சுற்றியிருந்தது.

"நீரோ?" என்றார் நல்லையா.

சுப்பையன் கழியை இறக்கிவைத்துக் கும்பிட்டான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூடின நாளிலேருந்துங்கய்யா."

"என்ர வீட்டுக் குழாயும் அந்த வால்விலையோ இருக்கு?" நல்லையாவின் குரல் இறங்கியது. "ஏன் காணும் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தேங்கய்யா. உத்தரவு கெடச்சவன் கேள்வி கேட்கக்கூடாதுன்னீங்க."

நல்லையா படியிறங்கித் தொட்டிக்கு அருகில் வந்தார். "சரி. சந்துச் சனத்துக்குக் குடுக்கிறீர், விளங்குது. எனக்கு ஏன்? உம்மட வேலையை இழுத்தடிச்சவன் நான். தண்ணி ஊத்தினால் கையெழுத்துப் போடுவன் எண்டு நினைச்சீரோ?"

"அய்யோ, இல்லீங்கய்யா. நான் வந்தது அய்யாவுக்குத் தெரியவே வேணாம்னுதான் பின்வாசல்ல ஊத்தினேன்." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "கையெழுத்து அய்யாவோடது. ஆனா மூடினது என் கைதானே? மூடின கைதானே ஊத்தணும்."

சிவகாமசுந்தரி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு குவளை தேத்தண்ணி. "தம்பி, முதல்லை இதைக் குடியும்" என்று அவனிடம் நீட்டினாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, இந்தப் பிள்ளையைப் பற்றித்தானோ அம்மனிட்டை நற்சான்று கேட்டு அஞ்சு கடிதம் போட்டனீங்கள்? அம்மனுக்கு எழுதத் தெரியாது. அவ இப்பிடித்தான் பதில் அனுப்புவா. பதினொரு நாளா வாசலுக்கு வருது. நீங்கள்தான் பிரிச்சுப் பாக்கேல்லை."

 அன்று நல்லையா அந்தத் தண்ணீரில் குளிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் காரியாலயத்தில் எல்லோரும் ஓர் அதிசயத்தைப் பார்த்தார்கள். பெரிய கிராணி நல்லையா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அடிமட்டம் வைத்து, தம் கையாலேயே கோடு போட்டார். தலைப்பில், 'பிழை ஒப்புக்கொள்ளும் படிவம், எண் 1' என்று எழுதினார். கை பழகிய பழக்கம். கட்டங்கள் சரியாகப் பதினான்கு விழுந்தன.

முதல் படிவத்தை அவர் சுப்பையனுக்காக நிரப்பவில்லை. தமக்காக நிரப்பினார். 'பிழை செய்தவர்: நல்லையா, பெரிய கிராணி. பிழையின் தன்மை: கேட்க வந்தவரைக் கேட்கவிடாதது. விளைவு: ஒரு சந்தின் தண்ணீர்.' அதன் பலத்தில் வால்வு திறக்கப்பட்டது. பத்தரை மணிக்குச் சந்துக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஓடியது.

எண் 2 சுப்பையனுடையது. 'பதினான்காவது கட்டத்தில் அறியாமல் நேர்ந்த பிழை. திருத்தம்: நற்சான்றாளர், நல்லையா. விண்ணப்பதாரரை அறிந்த காலம்...' இந்த இடத்தில் நல்லையா பேனாவை நிறுத்தினார். ஆறு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் பொய் எழுதக் கூடாது. 'பதினொரு நாள்' என்று எழுதினார். தொரை அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு பெட்டிக்குள் இன்னும் ஒரு கால்சட்டையைத் திணிப்பதில் அவர் கவனம் இருந்தது.

ஆகஸ்டு 30, வெள்ளிக்கிழமை மத்தியானம் சுப்பையனுக்கு நியமனக் கடிதம் கிடைத்தது. சாயங்காலமே மல்லிகா புது அறைக்கு முன்னால் போய் நின்று குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "போதும், தண்ணி வீணாவுது" என்றான் சுப்பையன். "இருங்க, இன்னும் ஒரு தடவ" என்றாள் அவள்.

ஊரெல்லாம் மறுநாள் விடியலுக்காகக் கொடி கட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஷம்சுதீன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"பண்டாரண்ணே, ஆறாவது."

"இன்னுமா? யாரைப் பத்தி இப்போ?"

அது எண் 1 படிவத்தைப் பற்றியது. பழக்கதோஷத்தால் நல்லையா போட்ட பதினான்காவது கட்டத்துக்குள், பழக்கதோஷத்தாலேயே அந்தப் பழைய வாசகமும் போய் உட்கார்ந்துவிட்டது: உறவினர் அல்லாதவரும், பிறந்த நாள் முதல் அறிந்தவருமான நற்சான்றாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதரைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர் மலாக்காவில் யார்? அவர் வெகுநேரம் யோசித்திருக்கிறார். நேர்மையாக எழுதினால் ஒரே ஒரு பெயர்தான் எழுத முடிந்தது. எழுதிய பிறகு விதிப்படி கடிதமும் போய்விட்டது.

பண்டாரம் அதை அம்மன் காலடியில், மற்ற ஐந்தின் மேல் வைத்தார்.

அம்மன் அதற்கும் பதில் போடவில்லை. நல்லையா நினைவூட்டல் அனுப்பவும் இல்லை. 'வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்' என்று கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.